பாயின்ட் கார்டு இடம் யாருக்கு? கூடைப்பந்து அணிகளைக் குழப்பும் முடிவும் அதன் பின்னால் இருக்கும் கணக்கும்

மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் டிரெய்னிங் எடுத்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். சாயங்காலமானால் கூடைப்பந்து கோர்ட். முந்தின நாள் வரை பெயர்கூடத் தெரியாத பத்துப் பேர், அஞ்சுக்கு அஞ்சு ஆட்டம். அங்கே பந்தை யார் கொண்டுபோவது என்று யாரும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. நன்றாக டிரிபிள் பண்ணத் தெரிந்தவரோ, சத்தமாகப் பேசுபவரோ எடுத்துக்கொள்வார்.

அந்த இடத்தின் பெயர்தான் பாயின்ட் கார்டு. ஒரு தொழில்முறை அணியில் அதை இப்படி விட்டுவிட முடியாது. தப்பான ஆளைப் போட்டால் மீதி நான்கு பேரின் ஆட்டமும் கெட்டுப்போகும்.

பாயின்ட் கார்டு என்ன செய்வார்?

எதிரணி புள்ளி எடுத்ததும் பந்து அவர் கைக்கு வரும். 24 நொடிக்குள் அணி ஷாட் எடுத்தாக வேண்டும். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தத் திட்டத்தை ஓட்ட வேண்டும், யாருக்குப் பாஸ், எப்போது தானே போடுவது என்ற முடிவுகளில் பெரும்பாலானவை அவருடையவை. கிரிக்கெட்டில் கேப்டன் ஓவருக்கு ஓவர் யோசிக்கலாம். இவருக்குக் கிடைப்பது சில நொடிகள்.

புள்ளி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏன் ஏமாறுவோம்?

ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' சராசரியாக ஆட்டத்துக்கு 18 ஷாட் எடுத்து 16 புள்ளி, 5 அசிஸ்ட், 4 டர்ன்ஓவர். 'ஆ' 7 ஷாட்டில் 9 புள்ளி, 6 அசிஸ்ட், 2 டர்ன்ஓவர். (அசிஸ்ட் என்றால் கூட்டாளி புள்ளி எடுக்க உதவிய பாஸ். டர்ன்ஓவர் என்றால் ஷாட் எடுக்காமலே பந்தைப் பறிகொடுப்பது.)

ஸ்கோர்போர்டில் 'அ' தான் ஹீரோ. ஆனால் ஒரு ஷாட்டுக்கு அவர் தருவது 0.9 புள்ளிக்கும் குறைவு, 'ஆ' தருவது கிட்டத்தட்ட 1.3. ஒரு டர்ன்ஓவருக்கு எத்தனை அசிஸ்ட் என்று பார்த்தால் 'அ' 1.25, 'ஆ' 3. ஒரு முறை பந்து கையில் இருப்பதன் மதிப்பு தோராயமாக ஒரு புள்ளி. அப்படியென்றால் 20 ஆட்டத்தில் டர்ன்ஓவரால் மட்டுமே 'அ' கூடுதலாக இழப்பது சுமார் 40 புள்ளி.

உலகத் தரம் எவ்வளவு? என்பிஏ வரலாற்றில் அதிக அசிஸ்ட் எடுத்தவர் யூட்டா ஜாஸ் அணியின் ஜான் ஸ்டாக்டன். 19 சீசனில் 15,806 அசிஸ்ட், 4,244 டர்ன்ஓவர். அதாவது ஒன்றுக்கு 3.7.

அப்போ 'ஆ' தானே? முடிஞ்சுதா?

இல்லை. ரிஸ்க்கே எடுக்காமல் பக்கத்தில் நிற்பவருக்கே பாஸ் கொடுத்தாலும் இந்த விகிதம் அழகாகத்தான் இருக்கும். அதோடு, பாஸ் வாங்கியவர் ஷாட்டைத் தவறவிட்டால் அசிஸ்ட் கணக்கில் வராது. ஷூட்டர்கள் இல்லாத அணியில் நல்ல பாயின்ட் கார்டுகூட கணக்கில் சுமாராகத் தெரிவார். இதை ஈடுகட்டத்தான் புள்ளியில் முடிந்ததோ இல்லையோ, ஷாட் வாய்ப்பு உருவாக்கிய எல்லா பாஸையும் இப்போது தனியாக எண்ணுகிறார்கள்.

அணி தப்பா தேர்ந்தெடுத்தா என்ன ஆகும்?

2009 என்பிஏ டிராஃப்ட். மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கு 5, 6 என அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் பாயின்ட் கார்டுகளை எடுத்தது: ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். 7ஆவது இடத்தில் கோல்டன் ஸ்டேட் எடுத்தது ஸ்டீஃபன் கறியை.

ரூபியோ 2011 வரை ஸ்பெயினிலேயே ஆடினார். ஃப்ளின் முதல் சீசனில் 13.5 புள்ளி சராசரி, மோசமில்லை. ஆனால் அப்போதைய கோச் கர்ட் ராம்பிஸ் கொண்டுவந்தது 'டிரையாங்கிள்' ஆட்டமுறை. அதில் பந்து ஒரே ஆளின் கையில் நிற்காது. பந்தை வைத்து ஆடப் பழகிய ஃப்ளினுக்கு அது பொருந்தவில்லை. பிறகு இடுப்பில் அறுவை சிகிச்சை. மூன்றே சீசனில் அவரது என்பிஏ வாழ்க்கை முடிந்தது. திறமை மட்டும் போதாது, ஆட்டமுறையோடு பொருத்தமும் வேண்டும்.

ரசிகர்கள் கோபப்பட்டாலும் சரியான முடிவு?

அதுவும் நடந்தது. 2012 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட், தன் முன்னணி ஸ்கோரர் மான்டா எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு சென்டர் ஆண்ட்ரூ போகட்டை வாங்கியது. காரணம், எல்லிஸும் கறியும் உயரம் குறைந்த கார்டுகள், இருவரையும் சேர்த்து இறக்கினால் தடுப்பாட்டம் பலவீனம். அந்த சீசனில் கணுக்கால் காயத்தால் கறி ஆடியது 26 ஆட்டம்தான். ஆரோக்கியமாக இருந்தவரை விட்டுவிட்டு, காயம்பட்டவரை நம்பினார்கள். சில நாளில் சொந்த மைதானத்திலேயே உரிமையாளர் ஜோ லேக்கப்பை ரசிகர்கள் கூச்சலிட்டுப் பேசவிடவில்லை. அதே கறியோடு அந்த அணி 2015, 2017, 2018, 2022 என நான்கு கோப்பை வென்றது.

எத்தனை ஆட்டம் பார்த்தால் போதும்?

2012 பிப்ரவரி 4 வரை நியூயார்க் நிக்ஸ் பெஞ்சில் இருந்த ஜெரமி லின், அன்று 25 புள்ளி, 7 அசிஸ்ட். அணி தொடர்ந்து ஏழு ஆட்டம் வென்றது. ஆனால் எதிரணிகள் அவரைப் படிக்கத் தொடங்கியதும் டர்ன்ஓவர் கூடியது. சீசன் முடிவில் ஆட்டத்துக்கு 3.6. லின் நல்ல வீரர்தான், என்பிஏவில் பல ஆண்டு ஆடினார். ஆனால் ஏழு ஆட்டம் முழு உண்மையைச் சொல்லாது.

இதில் இந்தியாவுக்கு என்ன?

சிக்கல் இங்கேதான். என்பிஏ அணி ஒரு சீசனில் 82 ஆட்டம் ஆடுகிறது. இங்கே 2015இல் வந்த யுபிஏ லீக் 2017க்குப் பிறகு நின்றது. 2022இல் தொடங்கிய ஐஎன்பிஎல் லீகில் சென்னை ஹீட், பெங்களூரு கிங்ஸ், கொச்சி டைகர்ஸ் உட்பட ஆறு நகர அணிகள் இருந்தன. கிரிக்கெட்டில் தனி அணி வைத்திருக்கும் மைசூருக்கு இதில் இடமிருக்கவில்லை.

வெளிநாட்டுத் தொழில்முறை அணிகள் வரை போன இந்தியர்களைப் பாருங்கள். 2015இல் டல்லாஸ் தேர்ந்தெடுத்த சத்னாம் சிங், அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங் எல்லோருமே உயரமானவர்கள், கூடைக்கு அருகே ஆடுபவர்கள். 2017இல் அடிலெய்டு தர்ட்டிசிக்ஸர்ஸுடன் ஒப்பந்தம் போட்ட விஷேஷ் பிருகுவன்ஷி போன்ற கார்டுகள் அபூர்வம். உயரம் பிறப்பில் வருவது. பாயின்ட் கார்டின் முடிவெடுக்கும் திறனோ நூற்றுக்கணக்கான ஆட்டங்களில்தான் வரும். அந்த ஆட்டங்கள்தான் இங்கே இல்லை.

நிலையான லீக் இல்லாததால் வங்கி, ரயில்வே வேலைகள்தான் வீரர்களுக்குப் பாதுகாப்பு. 19 வயதில் இந்திய மகளிர் அணி கேப்டனாகி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியர்தான்.

கோச் கேட்க வேண்டிய கேள்விகள்

• ஒரு டர்ன்ஓவருக்கு எத்தனை அசிஸ்ட்?
• எடுக்கும் ஷாட்டுக்கு எத்தனை புள்ளி?
• நம் ஆட்டமுறைக்கும் ஷூட்டர்களுக்கும் பொருந்துவாரா?
• எதிரணி கார்டைத் தடுக்க முடியுமா?
• கடைசி ஐந்து நிமிடம், சமமான ஸ்கோர். அப்போது பந்து இவர் கையில் இருக்கலாமா?
• இதையெல்லாம் எத்தனை ஆட்டம் பார்த்துச் சொல்கிறோம்?

இந்தியாவில் எந்த கோச்சுக்கும் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லக் கஷ்டம். குறுகிய லீகில் இரண்டு ஆட்டம் சொதப்பினால் ஒரு இளம் வீரர் பெஞ்சுக்குப் போவார். அவர் தேறுவதற்கான அடுத்த வாய்ப்பு எப்போது என்பதைச் சொல்ல இங்கே நிலையான அட்டவணைகூட இல்லை.