ஆயாவோட கணக்கும் அக்காவோட கார்டும்

எங்க ஆயா பெத்தது ஒன்பது, தங்குனது அஞ்சு. எல்லாமே நாட்றம்பள்ளி பக்கம், வீட்லயே மருத்துவச்சி கையில பொறந்தது. "நாலு போயிடுச்சுப்பா"ன்னு சாதாரணமா சொல்லும். போன மாசம் அக்காவோட கர்ப்பிணி கார்டுல ஹீமோகுளோபின் 9.1னு பாத்ததும் எனக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வந்துடுச்சு. 11-க்குக் கீழ போனாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகைதான்.

நம்ம வேலூர் பக்கம் பிரசவ வைத்தியத்தோட கதையத் தேடிப் போனா ஐடா ஸ்கடர்கிட்ட வந்து நிக்குது. 1870-ல ராணிப்பேட்டையில பொறந்தவங்க. அப்பா அமெரிக்க மிஷனரி டாக்டர். 'எனக்கு இந்த மிஷனரி வாழ்க்கையே வேணாம்'னு இருந்த பொண்ணு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு திண்டிவனம் வந்தாங்க.

அங்க ஒரே ராத்திரியில மூணு பேர், ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து நின்னாங்க. மூணு பேர் வீட்லயும் பிரசவத்துல சிக்கல். "எங்கப்பா டாக்டர், கூட்டிட்டுப் போங்க"ன்னு ஐடா சொல்ல, "ஆம்பள பாக்கக்கூடாது"ன்னு மூணு பேரும் திரும்பிட்டாங்க. விடியறதுக்குள்ள அந்த மூணு பொண்ணுங்களும் செத்துப்போச்சு.

இத்தனைக்கும் டாக்டர் அந்த வீட்லயேதான் இருந்தாரு!

ஐடா திரும்பிப் போய், 1899-ல கார்னெல்ல டாக்டர் பட்டம் வாங்கி, 1900-ல வேலூர் வந்தாங்க. 1902-ல பெண்களுக்காக ஷெல் ஆஸ்பத்திரி. கட்டடம் கட்டினா மட்டும் கூட்டம் வந்துடாதுல்ல? அதனால குடியாத்தம் ரோட்டுல மரத்தடி மரத்தடியா நின்னு வைத்தியம் பாத்தாங்க. மொதல்ல மாட்டுவண்டி, அப்புறம் கார். 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்னிக்கு சி.எம்.சி.

அப்புறம் அரசாங்கமும் ரொம்ப தூரம் வந்துச்சு. 1987-ல ஆரம்பிச்ச முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 2018-ல 18,000 ரூபாயாச்சு. அதுல 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரிப் பிரசவம். 2018-20ல லட்சம் பிரசவத்துக்கு தாய் மரணம் 54; இந்தியாவுக்கு 97. ஆயா காலத்துல யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்கவே மாட்டாங்க.

ஆனா அதே கணக்கெடுப்புல இன்னொரு நம்பர் இருக்கு. நம்ம மாநிலத்துக் கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாச்சு, சோத்துத்தட்டு வரைக்கும் இன்னும் வரல.

எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. "நெறைய தின்னா கொழந்த பெருசாயிடும், பிரசவம் கஷ்டம்", "இரும்புச்சத்து மாத்திர போட்டா கொழந்த கறுத்துடும்". சொல்றது வேற யாரும் இல்ல, எங்க அம்மாவேதான். அக்காவும் எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா மிச்சத்தைச் சாப்பிடுறவ. மாத்திரைய டீயோட முழுங்கிட்டிருந்தா. டீ அந்த இரும்ப உடம்புல சேரவிடாதுன்னு நர்சம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

போன வாரம் அம்மாவோட பெரிய சண்டை. கோட் எழுதுறவனுக்கு பிரசவத்தப் பத்தி என்ன தெரியும்னு ஒரே திட்டு :) பதிலுக்கு ஆயாவோட கணக்கச் சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில அக்கா தட்டுல முட்டையும் முருங்கக்கீரையும் இருந்துச்சு, மொத ஆளா அவளுக்குத்தான் போட்டாங்க.

அடுத்த ரத்தப் பரிசோதனை வர்ற மாசம்.