நொறுங்கிய முகப்பும் ஒட்டுகின்ற கையும்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதியோர் இரு கூட்டத்தார். ஒரு கூட்டத்தார் அதைச் செய்வித்த முதலாளிகளின் புகழ் பாடினர். மற்றக் கூட்டத்தார் அதை ஓட்டிப் பரிசு பெற்ற சீமான்களின் புகழ் பாடினர். மதகிலே மோதி முகம் சிதைந்த வண்டியைக் கராஜின் மூலையில் வைத்து, மீண்டும் அதற்கொரு முகம் கொடுத்த தொழிலாளியைப் பற்றி எழுதியோர் மிக அரிது. அவனைக் காண வேண்டுமாயின் நாம் பாதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாத்தளையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் எல்கடுவவுக்கு ஏறுகின்ற பாதைகள் வளைந்து வளைந்து செல்வன. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம், இடையிடையே மூடுபனி. தோட்டங்களை இணைக்கின்ற இத்தகைய பாதைகள் எவருடைய உழைப்பினால் உண்டாயின என்பதை மாத்தளை மண் மறக்கவில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அச்சட்டமும் அதனோடு வந்த வரிகளும் மூட்டிய நெருப்பே அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி. அதன் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் இம்மலைகளைத் திருத்தினர். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. மோட்டார் வண்டி அதன் பின்னரே வந்தது. வந்தபோது அதற்கென்று பாதை ஆயத்தமாக இருந்தது.

அந்த வண்டி துரைமாரின் வண்டி. 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி தொடங்கியதிலிருந்து, வேகமாக மலையேறுவது தோட்டத்துரைமாரின் வசந்தகால விளையாட்டுகளில் ஒன்றாயிற்று. அவ்வண்டிகளுக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது, இலக்கம் இருந்தது, அரசாங்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்திற்குப் பின் அவ்வண்டிகளைக் கழுவித் துடைத்த லயத்து மனிதர்க்கோ தாம் இந்நாட்டவர் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. இதை ஓர் அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை; இரண்டும் ஒரே காலத்து உண்மைகள்.

இனி அந்த வண்டியின் உடலுக்கு வருவோம். உருக்குத் தகட்டை வண்டியின் உடலாக்கப் பேரழுத்த இயந்திரங்களும் விலையுயர்ந்த அச்சுகளும் வேண்டும். பெரு மூலதனம் இல்லாதவனால் அது ஆகாது. கண்ணாடியை நூலாக இழுத்து, அந்த இழைகளைப் பாயாக்கி, பொலியெஸ்டர்ப் பிசினில் நனைத்து இறுகவிடும் முறை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வளர்ந்தது. போர் முடிந்தபின் அது வண்டிக்கு வந்தது. 1953இல் அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் கோர்வெட் என்ற விளையாட்டு வண்டியைக் கண்ணாடியிழை உடலோடு வெளியிட்டது. முதலாண்டிற் செய்யப்பட்டவை 300 மட்டுமே. அத்தனையும் வெள்ளை நிறம். அத்தனையும் பெரும்பாலும் கையால் ஆக்கப்பட்டவை. உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் முதலாளியும் புதுப் பொருளைத் தொட்டவுடன் கைத்தொழிலாளியிடமே திரும்பிப் போக நேர்ந்தது என்பதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலாந்திலே லோட்டஸ் நிறுவனம் 1957இல் எலீட் வண்டியையும் 1962இல் எலான் வண்டியையும் காட்டியது. பெங்களூரில் 1980களில் சிபானி நிறுவனம் டொல்பின் என்ற சிறு காரைக் கண்ணாடியிழை உடலோடு செய்தது. சோஷலிச ஜெர்மனியும் உருக்குத் தட்டுப்பாட்டினால் இதற்கு அயலான வழியொன்றை நாடிற்று: 1957இலிருந்து சுவிக்காவ் நகரிற் செய்யப்பட்ட டிராபன்ட் வண்டியின் உடற்பலகைகள் பஞ்சுக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்தப்பட்டவை.

உருக்கு மோதினால் நெளியும். கண்ணாடியிழை நெளிவதில்லை, நொறுங்கும். ஆகவே தகட்டைத் தட்டி நிமிர்த்தும் 'டிங்கர்' வேலையின் அறிவு இங்கே செல்லாது. முகப்பு உடைந்த வண்டி வந்தால், தேர்ந்த பாஸ் முதலில் உடலைத் தொடமாட்டார், அடிச்சட்டத்தையே அளப்பார். மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்துப் பார்ப்பார். இரு அளவுகளும் ஒவ்வாவிடின் சட்டம் கோணிற்று என்பது பொருள். கோணிய சட்டத்தின்மேல் எவ்வளவு அழகான முகத்தை ஒட்டினாலும் அது மீண்டும் வெடிக்கும். எலான் வண்டியில் இன்னுமொரு சூக்குமம் உண்டு. அதன் முன்விளக்குகள் வெற்றிடத்தின் இழுப்பினால் மேலெழுபவை. அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைப்பது அடிச்சட்டத்தின் முன் குறுக்குக் கட்டைக்குள் இருக்கும் குழிவே. மோதலில் அதிலே ஒரு சிறு பிளவு உண்டானாலும் விளக்குகள் நிமிர்ந்து நில்லா. உடலை மட்டும் பார்த்தவனுக்கு இந்த நோய் விளங்காது.

பின்னர்ச் சேதத்தின் எல்லையைத் தேடுவார். மேற்பூச்சிலே நட்சத்திரம் போற் பரவிய கீறல்கள், அடிபட்ட இடத்திலிருந்து வெகுதூரம் போயிருக்கும். ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். படைகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஒலியாலே காணும் இந்த நாடிபிடிப்பு எந்தப் புத்தகத்தாலும் கைக்கு வந்துவிடாது. வீதியிற் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி வந்திருந்தால் அது பெரும் பேறு. அவற்றைப் பொருத்தி, தகட்டுப் பட்டைகளாலும் திருகாணிகளாலும் தற்காலிகமாகப் பிணைத்தால் பழைய வடிவம் தானே வந்து நிற்கும். துண்டு தொலைந்திருந்தால் அதே வகை வண்டி ஒன்றிலிருந்து அச்செடுக்க வேண்டும்.

ஒட்டு உட்புறத்திலிருந்தே தொடங்கும். உடைவின் இருபுறமும் உள்ளே சரிவாகத் தேய்ப்பார்கள். தடிப்பு ஒரு பங்கென்றால் சரிவு பன்னிரண்டு பங்கு நீளமாவது இருத்தல் நன்று. மெழுகும் எண்ணெயும் பழைய பூச்சும் அறவே நீங்க வேண்டும். பூச்சை நீக்கக் காரத் திரவத்தை ஊற்றினால் அது இழைக்குள் ஊறிப் பின்னர்ப் புதுப் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். ஆகவே தேய்த்தே நீக்க வேண்டும். பின்பு கண்ணாடியிழைப் பாயைத் துண்டு துண்டாகக் கிழித்து, நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கெட்டியாக்கி சேர்த்த பிசினிலே தோய்த்து, படைமேற் படையாக வைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார்கள். உள்ளே இறுகியபின் வெளிப்புறத்தில் பள்ளம் வெட்டி அங்கும் நிரப்புவார்கள். மலைநாட்டின் ஈரம் இவ்வேலைக்குப் பகை. பாய் ஈரம் உறிஞ்சினால் பிசின் பற்றாது. குளிர் மிகுந்தால் நாள் கழிந்தும் இறுகாது. எல்கடுவ போன்ற இடத்திலே மின்விளக்கால் சூடேற்றியோ வெயில் ஏறும்வரை காத்திருந்தோதான் காரியம் ஆகும். பூச்சுக்கு அவசரப்படுகின்றவனிடம் ஒட்டின் கோடு சில மாதங்களில் மேலே எழும்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பொறுமையைக் கற்பித்தது ஆர்வம் மட்டுமன்று, பற்றாக்குறையும்தான். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை கட்டுப்பாடு இறுகியே சென்றது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. புது வண்டி வராத நாட்டிலே பழைய வண்டி சாகக் கூடாது. 2020 மார்ச்சிலே மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இந்த இரு காலங்களிலும் நாட்டை உருட்டிச் சென்றோர் அமைச்சர்கள் அல்லர். கராஜ்களின் கை எண்ணெய்க்காரர்கள்.

கண்ணாடியிழை வேலை இந்நாட்டிலே தமிழ் உழைப்பாளர் கைகளில் வேரூன்றியது காரிலே அன்று, கடலிலே. யாழ்ப்பாணத்தின் அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குச் சென்றார். அவரும் நோர்வேயரான ஆர்ன் பியோர்டொப்டும் முன்னின்று, நோர்வே இளைஞர்கள் திரட்டிய நிதியால் 1967இல் 'மாலு மீன்' என்ற திட்டம் பிறந்தது. மீனுக்குச் சிங்களச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் சேர்த்து வைத்த பெயர் அது. அந்தப் பெயரை இன்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. அதிலிருந்து வளர்ந்த சீநோர் நிறுவனம் காரைநகரிலே கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. குருநகரிலே வலை செய்தது. பாறையில் மோதிய படகின் அணியத்தை ஒட்டுவதும் மதகில் மோதிய காரின் முகப்பை ஒட்டுவதும் தொழில்முறையால் ஒன்றே: அதே பாய், அதே பிசின், அதே சரிவு. சீமானின் விளையாட்டுப் பண்டத்திற்கென்று வந்த வித்தை மீனவனின் சோற்றுக்கு உதவிற்று. நான் மாணவர்க்குச் சரித்திரம் சொல்லும்போது கோர்வெட்டைவிடக் காரைநகர்ப் படகையே பெரிதாகச் சொல்வதுண்டு.

உருக்கு வண்டியிலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரிலே பழைய மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வேர் என்பவர், அவற்றுக்குரிய உதிரிப்பாகங்களை 1990களில் இலங்கையிலே செய்வித்து வரவழைத்தார். ஆண்ட நாட்டின் வண்டிக்கு ஆளப்பட்ட நாட்டின் தொழிலாளி அங்கம் செய்து அனுப்பினான். அந்த வண்டியின் புகழ்ப் புத்தகங்களில் அவன் பெயரைத் தேடினால் கிடைக்காது.

அவன் மூச்சுக்குள் என்ன போகிறது என்பதும் சரித்திரத்தைச் சேர்ந்ததே. பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது' என்ற வகுப்பிலே சேர்த்தது. தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூள் தோலிலே தைத்து நாட்கணக்கில் அரிக்கும். கெட்டியாக்கி ஒரு துளி கண்ணிற் பட்டாற் பார்வையே போகலாம். அதைக் கோபால்ட் துரிதமாக்கியோடு நேரே கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். முதலில் ஒன்றைப் பிசினிலே கரைத்து, பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்டுக் கராஜுக்குப் போகும் பையன் இந்த ஒழுங்கைக் கற்பது பாஸின் வாய்மொழியிலே. ஆவியைத் தடுக்கக் கரிவடியுள்ள முகமூடி வேண்டும். மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டையால் அது ஆகாது. அந்த முகமூடியின் விலையைப் பழுதுபார்ப்புக் கணக்கிலே எழுதினால் வண்டிக்காரர் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான்.