வெப்பத்தை ஆளும் கை: வெப்பநிலைநிறுத்தியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி யாருடைய வேலையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது, அதனால் யாருடைய கை வலுப்பெற்றது, யாருடைய கை விலக்கப்பட்டது என்னும் வினாக்கள் அத்தகைய வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. வீட்டுச் சுவரிலே பொருத்தப்படும் சிறு கருவியாகிய வெப்பநிலைநிறுத்தியின் வரலாறு இவ்வினாக்களை எழுப்புவதற்குப் பெரிதும் ஏற்றதாகும். ஆங்கிலத்திலே ‘தேர்மோஸ்ரற்’ என வழங்கும் இக்கருவி, வெப்ப நாடுகளில் வாழ்வோருக்கு மின்னழுத்தியினுள்ளும் குளிர்சாதனப் பெட்டியினுள்ளும் மறைந்திருக்கும் ஓர் உறுப்பாகவே பழக்கமானது. குளிர் நாடுகளிலோ அது வீட்டார் அன்றாடம் தொட்டுத் திருப்பும் பொருள். குடும்பச் சச்சரவுகளுக்கும் அரசாங்க வேண்டுகோள்களுக்கும் ஒருங்கே இலக்காகிய பொருள். இன்று அது இணையத்தோடு தொடர்புகொண்டு, வீட்டாரின் பழக்கங்களைத் தானே கற்று இயங்கும் ‘திறன் வெப்பநிலைநிறுத்தி’யாக வடிவம் பெற்றுள்ளது. இவ்வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பத்தை ஆளும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

வெப்பநிலையைத் தானாகவே நிலைநிறுத்தும் முயற்சி வீட்டிலே தொடங்கவில்லை. உலையிலும் முட்டை பொரிக்கும் பெட்டியிலுமே தொடங்கியது. ஒல்லாந்து நாட்டின் அல்க்மார் நகரிலே 1572ஆம் ஆண்டு பிறந்து, முதலாம் ஜேம்ஸ் மன்னனின் ஆதரவில் இங்கிலாந்திலே வாழ்ந்த கோர்னேலிஸ் டிறெபல் என்பவர், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய உலையொன்றை அமைத்தார். கண்ணாடிக் கலத்தில் அடைக்கப்பட்ட மதுசாரம் வெப்பத்தால் விரியும். விரிந்த மதுசாரம் பாதரசத்தைத் தள்ளும். எழும் பாதரசம் ஒரு கோலை உயர்த்தி, உலைக்குக் காற்றுச் செல்லும் வாயிலை மூடும். வெப்பம் தணிந்ததும் இச்செயல் எதிர்மாறாக நிகழும். விளைவே காரணத்தைத் திருத்தும் இவ்வேற்பாட்டைப் பிற்காலத்தார் பின்னூட்டம் என அழைத்தனர். உலையின் அருகே இரவு பகலாக விழித்திருந்த வேலையாளின் கவனமே இங்கு முதன்முதலாகப் பொறியொன்றுக்கு மாற்றப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த முக்கிய கட்டம் இரு உலோகங்களின் சேர்க்கையால் விளைந்தது. கடற்பயணத்திற்கு ஏற்ற மணிக்கூடுகளை அமைத்த ஜோன் ஹரிசன், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமது மூன்றாவது கடல் மணிக்கூட்டிலே பித்தளையையும் உருக்கையும் ஒன்றாகப் பிணைத்த தகட்டைப் பயன்படுத்தினார். வெப்பம் ஏறும்போது பித்தளை கூடுதலாக விரிவதால் தகடு வளையும். மணிக்கூட்டின் பிழையைத் திருத்த எழுந்த இவ்வீருலோகத் தகடே பின்னர் வெப்பநிலைநிறுத்தியின் உயிர்நாடியாயிற்று.

ஈருலோகத் தகட்டைக் கொண்டு வெப்பநிலையை ஒழுங்குபடுத்தும் கருவிக்கு 1830இல் ஆக்கவுரிமை பெற்றவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் அன்ட்றூ யூர் ஆவார். வெப்பம், நிலைத்து நிற்றல் ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொற்களை இணைத்து அக்கருவிக்கு இன்றைய பெயரைச் சூட்டியவரும் அவரே. யூரின் பெயர் பொருளியல் மாணவர்க்கும் அறிமுகமானது. 1835இல் வெளிவந்த உற்பத்திசாலைகள் பற்றிய தமது நூலில் அவர் தானியங்கிப் பொறிகளைப் பெரிதும் போற்றினார். திறன்மிக்க தொழிலாளியின் பிடிவாதத்திலிருந்து முதலாளியை விடுவிப்பதே அப்பொறிகளின் சிறப்பென அவர் கண்டார். ஆலைகளில் உழைத்த சிறுவரின் நிலையை மகிழ்ச்சி நிறைந்ததாகவும் அவர் சித்திரித்தார். கார்ல் மாக்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பாகத்தில் யூரின் கருத்துகளைக் கடுமையாக விமர்சித்தமை யாவரும் அறிந்ததே. வெப்பநிலைநிறுத்திக்குப் பெயரிட்டவரே தானியங்கும் ஆலையின் முதன்மையான ஆதரவாளராகவும் விளங்கினார் என்பது தற்செயலான ஒற்றுமையன்று. கருவி தானே கவனித்துக்கொள்ளுமாயின் கவனிக்கும் மனிதனின் பேரம்பேசும் வலு குறையும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

இக்கருவி மக்கள் வாழும் கட்டடங்களுக்குள் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயாகும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைற்வோட்டர் ஆசிரியர் கல்லூரியிலே பேராசிரியராக இருந்த வொறன் ஜோன்சன், கட்டடக் காவலாளர் வகுப்பறைதோறும் நுழைந்து வெப்பநிலையைப் பார்த்துச் செல்வது கற்பித்தலுக்கு இடையூறாக இருப்பதைக் கண்டார். அறையின் வெப்பநிலை மாறும்போது நிலக்கீழறையில் இருக்கும் காவலாளருக்கு மணியோசையால் அறிவிக்கும் மின்கருவிக்கு 1883இல் அவர் ஆக்கவுரிமை பெற்றார். இதில் கருவி அறிவித்தது. கையோ இன்னமும் மனிதனுடையதாகவே இருந்தது.

அக்கையையும் விலக்கியவர் மினியாப்பொலிஸ் நகரில் வாழ்ந்த, சுவிற்சர்லாந்திலே பிறந்த அல்பேட் பட்ஸ் ஆவார். 1885இல் அவர் அமைத்த கருவியில், அறை குளிர்ந்ததும் மின்சுற்று மூடப்படும். முறுக்கி வைத்த வில்லொன்று விடுபட்டு அச்சொன்றைச் சுழற்றும். அதனோடு பிணைத்த சங்கிலி நிலக்கரி உலையின் காற்று வாயிலைத் திறக்கும். விடியுமுன் நடுங்கிக்கொண்டே நிலக்கீழறைக்கு இறங்கி உலையைத் திறந்த வீட்டாருக்கு இது பெரும் விடுதலையாயிற்று. எனினும் நிலக்கரியை அள்ளிப்போடும் வேலை எஞ்சியிருந்தது; எண்ணெயும் எரிவாயுவும் பரவிய பின்னரே அதுவும் மறைந்தது. வரலாற்றாசிரியர் றூத் சுவாட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில், விறகு பிளத்தல், நிலக்கரி சுமத்தல் போன்ற ஆடவரினதும் சிறுவரினதும் வேலைகளையே வீட்டுப் பொறிகள் முதலில் நீக்கினவென்றும், பெண்களின் வேலை அவ்வாறு குறையவில்லை என்றும் எடுத்துக்காட்டினார். வீட்டுவசதி என்னும் சொல் வீட்டில் வாழும் அனைவரையும் ஒரே வகையில் குறிப்பதில்லை.

பட்ஸின் கருவியிலிருந்து வளர்ந்த ஹனிவெல் நிறுவனம் 1953இல் வெளியிட்ட வட்ட வடிவ வெப்பநிலைநிறுத்தி இவ்வரலாற்றின் ஒரு நிறைவுக் கட்டமெனலாம். ஹென்றி டிறைபஸ் வடிவமைத்த அது கைக்கடக்கமான ஒரு வட்டத்தையும் சில எண்களையும் மட்டுமே வெளியே காட்டியது. உள்ளே சுருளாக வளைந்த ஈருலோகத் தகடும், அதன்மேல் சாய்ந்தாடும் கண்ணாடிக் குமிழிலே அடைத்த பாதரச ஆளியும் இருந்தன. வட்டத்தைத் திருப்பத் தெரிந்த எவருக்கும் வேறு கல்வி வேண்டியிருக்கவில்லை. பாதரசத்தின் நச்சுத்தன்மை உணரப்பட்டபின் அவ்வகை ஆளிகள் கைவிடப்பட்டபோதும், அவ்வட்ட வடிவம் பல்லாயிரம் சுவர்களிலே பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது.

வீட்டாரின் தனியுரிமையாகத் தோன்றிய அவ்வட்டம் 1973இல் அரசியற் பொருளாயிற்று. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையைத் தொடர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் சனாதிபதி நிக்ஸன் வீடுகளின் வெப்பநிலையைக் குறைந்தது 6 பாகை பரனைற்றினாற் குறைத்து, பகலில் நாடளாவிய சராசரியை 68 பாகையாக்குமாறு மக்களைக் கேட்டார். 1977 பெப்ரவரியில் சனாதிபதி கார்ட்டர் கம்பளி மேற்சட்டை அணிந்து தொலைக்காட்சியிலே தோன்றி, பகலில் 65 பாகையும் இரவில் 55 பாகையும் போதுமென வேண்டினார். 1979இல் பொதுக் கட்டடங்களுக்குக் கட்டாய வரம்புகள் விதிக்கப்பட்டன. 1981இல் சனாதிபதி றீகன் அவற்றை நீக்கினார். இக்கட்டளைகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவை, விவாதிக்கப்பட்டவை, ஆட்சிமாற்றத்தினால் மாற்றப்பட்டவை. பின்வரும் பகுதியை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளப்பட வேண்டும்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், நேர ஒழுங்கை முன்கூட்டியே பதிவுசெய்யும் இலத்திரனியற் கருவிகள் பரவின. அவை எரிசக்தியை மிச்சப்படுத்துமென நம்பப்பட்டது. ஆனால் அவற்றின் பொத்தான்களும் பட்டியல்களும் பலருக்கு விளங்கவில்லை. ஒழுங்கை ஒருமுறை நிறுத்திவைத்து, ஒரே எண்ணிலேயே பலர் கருவியை விட்டுவிட்டனர். எதிர்பார்த்த சேமிப்பு நடைமுறையிலே காணப்படாமையால், அமெரிக்க அரசின் ‘எனர்ஜி ஸ்ரார்’ திட்டம் இவ்வகைக் கருவிகளுக்கு அளித்துவந்த சான்றினை 2009 இறுதியில் நிறுத்திக்கொண்டது. இதிலிருந்து இருவகை முடிவுக்கு வந்திருக்கலாம்: மக்களுக்கு விளங்கும் கருவியை அமைத்தல் ஒன்று, மக்களைக் கேளாமலே இயங்கும் கருவியை அமைத்தல் மற்றொன்று. தொழில்துறை பெரும்பாலும் இரண்டாவதையே தேர்ந்தது.

அத்தேர்வுக்கான ஆய்வு முன்னரே நடந்திருந்தது. கொலறாடோ மாநிலத்தின் போல்டர் நகரில் 1990களில் மைக்கல் மோசர் என்னும் பேராசிரியர், பழைய பள்ளிக்கூடம் ஒன்றாக இருந்த தமது இல்லத்தை, வாழ்வோரின் பழக்கங்களைத் தானே கற்று ஒளியையும் வெப்பத்தையும் ஆளும் வீடாக மாற்றிப் பரிசோதித்தார். 2011 ஒக்ரோபரில் நெஸ்ற் என்னும் நிறுவனம் கற்கும் வெப்பநிலைநிறுத்தியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1953ஆம் ஆண்டின் வட்ட வடிவத்தையே அது மீண்டும் ஏற்றிருந்தமை குறிப்பிடத்தக்கது. 2014 ஜனவரியில் கூகிள் நிறுவனம் நெஸ்ற்றை 320 கோடி டொலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. வெப்பத்தின் விலை மாத்திரமன்றி, வீட்டார் எப்போது எழுகின்றனர், எப்போது வெளியே செல்கின்றனர் என்னும் செய்தியின் பெறுமதியும் இத்தொகையிலே அடங்கியிருந்தது எனல் மிகையாகாது.

இக்கருவியைப் பழைய வீடொன்றிலே பொருத்தும்போது வரலாறு சுவருக்குள்ளிருந்தே எதிர்ப்படுகின்றது. மின்சுற்றை நிறுத்திவிட்டுப் பழைய கருவியைக் கழற்றினால், பல வீடுகளிலே இரண்டு கம்பிகள் மட்டுமே காணப்படும். முற்காலத்துக் கருவி வெறும் ஆளி. சுற்றை மூடவும் திறக்கவும் அதற்கு இரு கம்பிகள் போதும். புதியதோ சிறியதொரு கணினி. அதற்கு 24 வோல்ற்று ஆடலோட்டம் இடையறாது தேவை. அதனை வழங்கும் பொதுக்கம்பி இல்லாதவிடத்து, உலையின் கட்டுப்பாட்டுச் சுற்றிலிருந்தே சிறிது மின்னைப் பெற்று அது மின்கலத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும்; இதனால் சில உலைகள் ஒழுங்கற்று இயங்குவதுண்டு. அன்றேல் புதுக்கம்பி இழுக்க வேண்டும். ஏவலைக் கடத்தும் ஆளிக்காக அமைந்த சுவரில், தானே முடிவெடுக்கும் பொறியை இருத்துவதன் இடர்ப்பாடே இதுவாகும்.

அதனோடு வாழ்தலும் இருவகைப் பயன் உடையது. வெறும் வீட்டைச் சூடாக்காமல் விடுதலும், தூர இடத்திலிருந்து வீட்டைக் கவனித்தலும் உண்மையான நன்மைகளே. ஆனால் அசைவைக் கொண்டே மனிதரை அறியும் கருவி, அசையாது அமர்ந்து நூல் வாசிக்கும் முதியவரை இல்லாதவரென எண்ணிவிடக் கூடும். சேமிப்பும் உறுதியானதன்று. கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான பொருளியலாளரின் கள ஆய்வொன்று, வீட்டார் தம் விருப்பப்படி எண்ணை மாற்றிக்கொள்வதால் எதிர்பார்த்த சேமிப்பு மறைந்துபோவதைக் காட்டியது. இதைவிடப் பாரதூரமான செய்தியும் உண்டு. பிரிந்துசென்ற கணவரோ துணைவரோ தூரத்திலிருந்து வீட்டின் வெப்பநிலையை மாற்றிப் பெண்களை அச்சுறுத்திய நிகழ்வுகள் 2018இல் அமெரிக்கப் பத்திரிகைகளிலே வெளிவந்தன. கடவுச்சொல்லை வைத்திருப்பவரே வீட்டின் தலைவர் என்னும் நிலை அங்கு வெளிப்பட்டது.

2021இல் ரெக்ஸாஸ் மாநிலத்திலே நிகழ்ந்தவை இப்பிரச்சினையின் இரு பக்கங்களையும் தெளிவாக்குகின்றன. அவ்வாண்டு பெப்ரவரியில் கடுங்குளிரால் மின்வலையமைப்பு நிலைகுலைந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின் தேவையை ஒருங்கே குறைக்கும் வழி வேண்டுமென்பதை மறுப்பதற்கில்லை. ஜூன் மாத வெப்பத்தின்போது, சேமிப்புத் திட்டமொன்றிலே சேர்ந்திருந்த வீடுகளின் வெப்பநிலை எண்கள் தொலைவிலிருந்தே உயர்த்தப்பட்டன. வியர்வையோடு விழித்தெழுந்த சிலர், சிறு சலுகைக்கு ஈடாகத் தாம் கொடுத்த சம்மதத்தின் பொருளை அப்போதே உணர்ந்தனர். நிக்ஸனும் கார்ட்டரும் மக்களைக் கேட்டனர். மக்கள் மறுக்கவும் முடிந்தது. இங்கோ வேண்டுகோளுக்கு முன்னரே எண் மாறிவிட்டது.

இறுதியாக ஒரு செய்தி நோக்கற்பாலது. நெஸ்ற்றின் முதலிரு தலைமுறைக் கருவிகளுக்கு அளித்துவந்த ஆதரவைக் கூகிள் 2025 ஒக்ரோபர் 25ஆம் திகதியுடன் நிறுத்தியது. அவை சுவரிலே கையாற் திருப்பும் கருவிகளாக இயங்கலாம். தூரத்திலிருந்து ஆளும் திறனை இழந்தன. பதினான்கு ஆண்டுகளில் அவை 1953ஆம் ஆண்டின் வட்டத்தின் நிலைக்கே பெருமளவு திரும்பின. உலோகம் தேயவில்லை, மின்சுற்று பழுதடையவில்லை, உரிமையுடையோர் எடுத்த ஒரு முடிவே போதுமாயிற்று.

டிறெபலின் உலைமுதல் இன்றைய கருவிவரை வெப்பநிலைநிறுத்தி மனிதரைக் கவனிப்பின் சுமையிலிருந்து விடுவித்தே வந்துள்ளது. அவ்விடுதலையைச் சிறிதாக எண்ணுதல் வரலாற்று உணர்வாகாது. விடியுமுன் நிலக்கீழறைக்கு இறங்கியோர் அதனைச் சிறிதாக எண்ணமாட்டார். ஆனால் கவனிக்கும் சுமையும் தீர்மானிக்கும் உரிமையும் வேறு வேறானவை. முன்னதைப் பொறியிடம் ஒப்படைக்கும் ஒவ்வொரு வேளையிலும் பின்னதும் அதனோடு சேர்ந்தே நழுவிச் செல்வதை இவ்வரலாறு காட்டுகின்றது. வீட்டின் சுவரில் ஒளிரும் எண்ணை நிருணயிப்பது யார், அவரை வீட்டார் கேள்விகேட்க இயலுமா என்னும் வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரியவையல்ல. வருங்காலத்தில் எரிசக்தியைப் பகிர்ந்து வாழவேண்டிய எல்லாச் சமுதாயங்களும் அவற்றுக்கு விடைகாண வேண்டியிருக்கும்.