லினக்ஸ் மென்பொருட் பொதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

லினக்ஸ் கணினியொன்றில் மென்பொருளை நிறுவுதல் இன்று சில கணப்பொழுதிற் கைகூடும் செயலாகும். மென்பொருட் களஞ்சியத்தைத் திறந்து, பெயரைத் தேடி, பொத்தானொன்றை அழுத்துவதோடு பயனரின் பணி முடிந்துவிடுகின்றது. ஆயின், அவ்வெளிமைக்குப் பின்னே முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மென்பொருளை ஆக்கியோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையில் நிற்பவர் யார், அவர் எதற்குப் பொறுப்பேற்கின்றார் என்னும் வினாவே அவ்வரலாற்றின் மையமாகும்.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இயங்குதளமொன்றின் உட்கரு மாத்திரமே. ஏனைய செய்நிரல்களை மூலநிரலாகப் பெற்றுத் தம் கணினிக்கேற்ப ஆக்கிக்கொள்ளுதல் பயனரின் பொறுப்பாயிருந்தது. இவ்விடரைக் குறைக்கும் பொருட்டு, வேண்டியவற்றை ஒருங்குசேர்த்து அளிக்கும் வழங்கல்கள் தோன்றின. 1993இல் பற்றிக் வொல்கேர்டிங் ஸ்லக்வெயரை வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே பேர்டியூ பல்கலைக்கழக மாணவரான இயன் மேர்டொக் டெபியன் திட்டத்தை அறிவித்தார்.

டெபியன் வகுத்த முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதன் பொதி வெறும் கோப்புத் தொகுதியன்று. மென்பொருளின் பெயர், பதிப்பெண், அது இயங்குதற்கு வேண்டிய பிற பொதிகள் ஆகிய விபரங்களையும் அது தாங்கி நிற்பது. ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாகப் பேணுநர் ஒருவரோ குழுவினரோ அமைவர். ஆக்கியோரிடமிருந்து மூலநிரலைப் பெற்று, ஏனைய பொதிகளோடு இசையுமாறு அமைத்து, பிழை காணுமிடத்துத் திருத்துதல் பேணுநரின் கடமையாகும். 1995இல் றெட் ஹற் நிறுவனம் ஆர்.பி.எம். என்னும் பொதிமுறையை அறிமுகஞ் செய்தது.

எனினும், ஆரம்பகாலக் கருவிகள் இன்ன பொதி இல்லையென அறிவித்தனவேயன்றி, அதனைத் தேடிக் கொணரவில்லை. ஒன்றை நிறுவப் புகுந்தோர் அதற்கு வேண்டிய மற்றொன்றையும், அதற்கு வேண்டிய வேறொன்றையும் தேடி அலைய நேர்ந்தது. இந்நிலையே 'சார்பு நரகம்' எனப்பட்டது. 1999இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்போடு வந்த ஆப்ட் என்னும் கருவி, வேண்டிய யாவற்றையும் தானே கணித்து, களஞ்சியத்திலிருந்து பெற்று, முறைப்படி நிறுவியது. 2007இல் வெளியான டெபியன் 4.0, பொதிகளின் இலத்திரனியற் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறையை இயல்பாகவே கொண்டிருந்தது. 2009இல் உபுண்டு மென்பொருள் நிலையத்தை அறிமுகஞ் செய்ததும் கட்டளைகளை அறியாதோருக்கும் இவ்வசதி எளிதாயிற்று.

ஆயினும் இம்முறைக்கெதிரான விமர்சனங்களும் எழுந்தன. நிலையான பதிப்புகள் ஈராண்டளவுக்கு ஒருமுறையே வெளிவந்தமையாற் புதிய மென்பொருள் பயனரை அடையத் தாமதமாயிற்று. ஒரே மென்பொருளை வழங்கல்தோறும் வெவ்வேறாகப் பொதியவும் வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டளவில் முன்னணிக்கு வந்த பிளாட்பாக், ஸ்னாப் ஆகியன இதற்கு மாற்றாயின. இவை வேண்டிய நிரலகங்களிற் பெரும்பாலானவற்றைப் பொதியோடோ பொதுத்தளமாகவோ தாமே கொணர்வதோடு, செயலியைக் கணினியின் ஏனைய பகுதிகளிலிருந்து இயன்றளவு பிரித்தும் வைக்கின்றன. ஆக்கியோர் தம் மென்பொருளைத் தாமே நேரடியாக வெளியிடவும் வழி பிறந்தது. ஆனால், இடைநின்று ஆராய்வோரின் பங்கு குறைந்தது. 2018 மே மாதத்தில் ஸ்னாப் களஞ்சியத்திலிருந்த சில செயலிகளுள் மறைநாணயம் அகழும் நிரல் ஒளிந்திருந்தமை வெளிப்பட, அவை அகற்றப்பட்டன.

அவ்வாறாயின் பழைய முறை குற்றமற்றதோ எனின், அதுவுமன்று. 2024 மார்ச் மாதத்தில், எக்ஸ்.இஸெட். என்னும் சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் இரகசியப் பின்வாயில் புகுத்தப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. தன்னார்வலர் ஒருவர் பேணிவந்த அந்நிரலகத்தில், ஈராண்டுக்கு மேலாக உதவி புரிந்து நம்பிக்கை பெற்ற புனைபெயரொன்றின் வழியே அது நுழைந்தது. டெபியனின் சோதனை நிலைப் பதிப்புகளை அது எட்டியது. நிலையான பதிப்பை எட்டவில்லை. தொலைநுழைவு வழமையினும் சற்றுத் தாமதிப்பதைக் கண்ட அன்ட்ரெஸ் பிரொயின்ட் காரணத்தை ஆராயப் புகுந்தமையே அதனை வெளிக்கொணர்ந்தது.

விரைவின்மையெனக் குறைகூறப்பட்ட அதே இடைவெளி, இவ்விடத்துப் பலகோடிக் கணினிகளுக்குக் காவலாய் அமைந்தமை சிந்தனைக்குரியது. விரைவும் ஆய்வும் ஒன்றையொன்று விலைகொண்டே வளர்கின்றன. பொதிமுறைகள் இனியும் மாறுமாயினும், பொத்தானை அழுத்தும் பயனர் அறிந்தோ அறியாமலோ யாரோ ஒருவரின் உழைப்பையும் நேர்மையையும் நம்பியே அதனை அழுத்துகின்றார். அவ்வுழைப்பாளரைத் தனித்து நிற்க விடாது தாங்குதல் பயன்பெறும் சமூகத்தின் கடமையென்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.