அகாரும் கேரகீனனும்

ஐஸ்கிரீம் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 407 என்ற எண் இருந்தால் அதில் கேரகீனன் சேர்ந்திருக்கிறது. 406 என்றால் அகார். இரண்டும் சிவப்புப் பாசிகளின் செல்சுவரிலிருந்து வடிப்பவை. இரண்டுமே காலக்டோஸ் சர்க்கரையின் நீண்ட சங்கிலிகள். வேறுபாடு சல்பேட்டில் இருக்கிறது: அகாரில் சொற்பம், கேரகீனனில் ஏராளம்.

அகார் எந்த உப்பின் தயவும் இல்லாமல் உறையும். உறைந்தபின் 85 டிகிரி சூடு ஏறினால்தான் இளகும். நோன்பு மாதத்தில் காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் காய்ச்சி ஊற்றும் கடல்பாசி, ஃபிரிட்ஜ் இல்லாமலே துண்டு துண்டாக நிற்பது இதனால்தான். கேரகீனனில் கப்பா வகை இறுகப் பொட்டாசியம் வேண்டும். ஆனால் பாலின் கேசீன் புரதத்தைப் பற்றிக்கொள்வதில் அதை அகாரால் நெருங்க முடியாது. துளி சேர்த்தாலே சாக்லேட் பாலில் கோகோ அடியில் தங்காது. பால் ஆலையும் பற்பசை ஆலையும் அதைத் தேடுவதில் வியப்பில்லை.

உடல்நலம் என்று வந்தால் விளம்பரங்கள் இரண்டையும் மருந்தாக்கிவிடுகின்றன. நம் குடல் இரண்டையும் செரிப்பதில்லை. நார்ச்சத்தாக நீரை இழுத்து மலத்தை இளக்கும், அவ்வளவே. என் பார்வையில், இவை மனித உயிருக்குச் செய்த பெரிய உதவி வயிற்றுக்கு வெளியே நடந்தது. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே நுண்ணுயிர்களை ஜெலட்டின்மேல் வளர்த்துத் திண்டாடினார். 37 டிகிரியில் ஜெலட்டின் உருகியது. பல கிருமிகள் அதையே தின்று நீராக்கின. சமையலில் ஜெல்லிக்கு அகார் பயன்படுத்திய அவர் மனைவி ஃபேனி, அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்த ஆண்டு காசநோய்க் கிருமியை அறிவித்த கோக்கின் கட்டுரையில் அகார் இருந்தது, ஃபேனியின் பெயர் இல்லை. இன்றும் மருத்துவமனை ஆய்வகத்தில் சிறுநீரையோ சளியையோ தடவி வளர்ப்பது பெரும்பாலும் அகார் தட்டில்தான்.

கேரகீனனின் பங்கு வேறு. அதன் கரைசலை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றினால் சில மணி நேரத்தில் வீங்கிவிடும். வீக்கம் தணிக்கும் மருந்துகளை 1960களிலிருந்து அந்தப் பாதத்தில் சோதித்து வருகிறார்கள். உணவிலுள்ள கேரகீனன்மீதான பயத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஊசியில் போவதும் வாய்வழி போவதும் ஒன்றல்ல. புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் உள்ளது அமிலத்தில் காய்ச்சிச் சிதைத்த வடிவம். உணவில் சேர்ப்பது அதுவல்ல. ஆனாலும் பச்சிளங்குழந்தைகளின் பால்மாவில் ஐரோப்பிய ஒன்றியம் கேரகீனனை அனுமதிக்காதது சரியான எச்சரிக்கை.

மன்னார் வளைகுடாவில் இந்த ஒப்பீடு பெண்களின் கைகளுக்கு வந்துவிடுகிறது. அகாருக்கான மரிக்கொழுந்துப் பாசியை, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முழுகிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். கேரகீனனுக்கான கப்பாஃபைகஸ் மூங்கில் தெப்பத்தில் 45 நாளில் விளைகிறது; உழைப்பும் ஆபத்தும் குறைவு. ஆனால் அது வெளியிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவருகே பவளப்பாறைகளை அது மூடியிருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தெப்பத்துக்கு மானியம் தரும்போது, இந்தக் கடலிலேயே விளையும் கஞ்சிப்பாசி போன்ற அகார் பாசிகளுக்கே முதலிடம் தரவேண்டும்.