இரத்த நோயின் வம்சம்

பாட்டி வீட்டுப் பின்னால் நின்ற பீசாங் நிப்பா குலை வெளியே பார்க்க நல்லாத்தான் இருந்தது. காயை நறுக்கினால் உள்ளே செம்பழுப்பு அழுகல். "கண்ணு பட்டிருச்சுப்பா" என்றார் பாட்டி. பக்கத்து வீட்டுப் பாக்சிக், "பென்யாக்கிட் டாரா" என்றார். இரத்த நோய்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுலாவெசிக்குத் தெற்கே சலாயார் தீவின் வாழைத் தோட்டங்களை அழித்த நோய் அது. காரணம் ஒரு பாக்டீரியா என்று 1920களில் காட்டியவர் எர்ன்ஸ்ட் கோய்மான் என்ற சுவிஸ் ஆய்வாளர். சுலாவெசி வாழையை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நோய் அந்தப் பக்கமே கிடந்தது. 1987இல் மேற்கு ஜாவாவில் தலைகாட்டியது. பிறகு நம் தீபகற்பம்.

அமெரிக்க நாடுகளின் மோக்கோ நோயும் வாழையை ஏறக்குறைய இப்படித்தான் கொல்லும். கண்ணால் பிரிப்பது கடினம். மரபணுவைப் படித்தபோதுதான் வம்சம் தெரிந்தது. இந்த ரல்ஸ்டோனியா கூட்டத்துக்கு ஆசியா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தோனேசியா என நான்கு கிளைகள். மோக்கோ அமெரிக்கக் கிளை. இரத்த நோய் இந்தோனேசியக் கிளை. சுமத்ராவில் கிராம்பு மரங்களைக் கொல்லும் பாக்டீரியா அதற்கு நெருங்கிய சொந்தம்.

கூட்டம் இவ்வளவு விரிந்திருந்தும், இரத்த நோய்க் கிருமிகள் தங்களுக்குள் கொஞ்சமே வேறுபடுகின்றன. ஒரே குடும்பம் அண்மையில்தான் பரவியது என்பதன் அடையாளம் அது. தோட்டத்துக்குள் பூச்சி சுமக்கும், கத்தி சுமக்கும். கடல் தாண்ட மனிதர் வேண்டும்.

அன்று அழுகிய மரத்தைச் சாய்த்த பாராங்கைக் கழுவாமல், அடுத்த இரண்டு புதர்களிலும் இலை கழித்தது நான்தான். இரண்டும் போயின. கண்ணு பட்டதென்றே பாட்டி இன்னும் நினைக்கிறார். இந்த வாரம் போய்ச் சொல்லணும்.