காலனி: ஒரு சொல்லின் வரலாறு

தாயகம் விட்டு வந்து வாழும் நாம் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘காலனி’ என்பது ஒன்று. கடிதத்தின் முகவரியில் அதனை எழுதுகின்றோம். வண்டிக்காரரிடம் அதனைச் சொல்லியே வீடு வந்து சேர்கின்றோம். இத்துணை எளிய சொல்லுக்குள் ஈராயிரம் ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் ‘கோலெரே’ என்றால் உழுதல், பயிரிடுதல், ஓரிடத்தில் வாழ்தல் என்று பொருள். உழவன் ‘கொலோனஸ்’ எனப்பட்டான். உழவர் குடியேறிய ஊர் ‘கொலோனியா’ ஆயிற்று. உரோமானியர் தாம் வென்ற நாடுகளில், போர்த்தொழில் முடித்த வீரர்களுக்கு நிலம் அளித்து இத்தகைய ஊர்களை அமைத்தனர். செர்மானிய நாட்டின் கொலோன் நகரம் கி.பி. 50-இல் அப்பெருமை பெற்றது. அதன் பெயரிலேயே அச்சொல் இன்றும் வாழ்கின்றது. இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தின் பெயரிலும் அதன் ஈற்றசையைக் காணலாம். ஆகவே, தொடக்கத்தில் ஏரும் வாளும் சேர்ந்தே இச்சொல்லை ஈன்றன எனலாம்.

பின்னர்க் கடல் கடந்த ஐரோப்பியர் கையில் வாள் ஓங்கிற்று. 1607-இல் ஆங்கிலேயர் அமெரிக்கக் கரையில் ஜேம்ஸ்டவுன் என்னும் குடியேற்றத்தை நிறுவினர். அவ்வாறு வளர்ந்த காலனிகளுள் பதின்மூன்று 1776-இல் விடுதலை முழங்கின. இலங்கையின் கரையோரப் பகுதிகள் 1802-இல் முடியரசின் காலனியாயின. ஆனால் நம் நாட்டை ஆண்டது இலண்டனில் இருந்த காலனி அலுவலகம் அன்று. 1858 முதல் அதற்கெனத் தனியே இந்தியா அலுவலகம் இருந்தது. பெயர் வேறாயினும் அடிமைத்தனம் ஒன்றே. 1960 டிசம்பர் 14-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, காலனி ஆட்சி முறை முடிவுற வேண்டும் என அறிவித்தது.

இந்திய மண்ணில் இச்சொல் வேறொரு வழியாகவும் வேரூன்றியது. பஞ்சாபில் ஆங்கில அரசு பெருங்கால்வாய்கள் வெட்டி, வறண்ட நிலத்தில் மக்களைக் குடியேற்றியது. அவை ‘கால்வாய்க் காலனிகள்’ எனப்பட்டன. 1892-இல் கீழைச் செனாப் கால்வாய் திறக்கப்பட்டது. அதனைச் சார்ந்து எழுந்த லயால்பூர், 1977 முதல் பைசலாபாத் எனப் பெயர் மாறிப் பாகிஸ்தானில் உள்ளது. குடியேறியோரின் உரிமைகளைக் குறைக்கும் சட்டமுன்வடிவை எதிர்த்து 1907-இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதனையொட்டி லாலா லஜபதி ராயும் அஜீத் சிங்கும் மாந்தலைக்கு நாடு கடத்தப்பட்டனர். எனினும் வைசிராய் அச்சட்டத்துக்கு இசைவளிக்க மறுத்துவிட்டார். 1947-இல் நாடு பிளவுண்டபோது, உடைமையெல்லாம் இழந்து வந்த ஏதிலிகளுக்காகத் தில்லியில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று லஜபதி ராயின் பெயரையே தாங்கி லஜபத் நகர் எனப்பட்டது. இரயில்வே காலனி, அரசு ஊழியர் காலனி எனச் சொல் மேலும் பரந்தது. இன்று வடநாட்டு நகரங்களில் காலனி என்றால் மக்கள் வாழும் பகுதி என்பதே பொருள்.

ஆயின், நம் தமிழகத்துச் சிற்றூரில் அதே சொல்லின் பொருள் என்ன? ஊர் வேறு, காலனி வேறு! ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு கட்டித் தந்த வீடுகளுக்கு வழங்கிய பெயர், நாளடைவில் அவர்தம் சாதியைச் சுட்டும் பெயராகவே ஆகிவிட்டது. ‘காலனிக்காரர்’ என்பது பலர் வாயில் வசையாயிற்று. ‘சேரி’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கும் இந்நிலையே நேர்ந்தது. மக்கள் சேர்ந்து வாழும் இடத்துக்கெல்லாம் பொதுவாக இருந்த சொல் அது. இராசராச சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் உண்டு, கம்மாணசேரியும் உண்டு. பின்னாளில் ஒரு சாராரின் வாழிடத்துக்கே அச்சொல் உரியதாயிற்று. 2025 ஏப்ரல் 29-ஆம் நாள் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அச்சொல்லை நீக்குதல் நன்றே. ஆயினும் சேரி போய்க் காலனி வந்தது. காலனியும் போய் வேறொன்று வந்தால், அதன்மீதும் அதே அழுக்குப் படியாது என்பதற்கு உறுதி உண்டோ? அழுக்கு சொல்லில் இல்லை. சொல்வோர் உள்ளத்தில் இருக்கின்றது.

இங்கு நாம் நம் காலனியின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்கின்றோம். அடுத்த வீட்டுக்கும் நமக்கும் சுவர் ஒன்று. குடிநீர்க் குழாய் ஒன்று. குழந்தைகள் விளையாடும் திடல் ஒன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இப்பழக்கத்தையும் உடன் கொண்டு செல்வோமாக. அங்குள்ள காலனியில் வாழ்வோர் நம் வீட்டுத் திண்ணையில் அமரவும், அவர் வீட்டில் நாம் நீர் அருந்தவும் தயங்கும் நிலை இருக்குமாயின், இங்கு நாம் பல்லாண்டு கூடி வாழ்ந்ததன் பயன்தான் என்ன?